சளி என்று சொன்னேன்

சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லித்தான் நான் அந்தப் படகில் ஏறாமல் தப்பித்தேன். எங்கள் தோழி லீடரின் மகள் கல்யாணம் வெள்ளிக்கிழமை முடிந்தது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு எங்கள் நாலு பேர் வாட்ஸப் குழுவில், "தொண்டை கட்டிக்கிச்சு, நீங்க போய்ட்டு வாங்கடி" என்று போட்டேன். போட்டுவிட்டு டிக்காஷன் இறக்கி நிதானமாக ஒரு காபி குடித்தேன். தொண்டை நன்றாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து, மாசியில், லீடர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தச் சவாரியில் நடந்ததை மற்ற மூவரும் மாறி மாறிச் சொன்னபோது, போயிருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அது சாதாரண வருத்தம், ஒரு தட்டு அத்தோவில், அதாவது பர்மாக்காரர் கடை நூடுல்ஸில், கரைந்துவிடும். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அது கரையவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது திரும்பத் திரும்ப வந்தது. எழுதிப் பார்த்தாலாவது விடுகிறதா பார்ப்போம்.

பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்களையே இங்கே வைத்துக்கொள்கிறேன். நிஜப் பெயரைப் போட்டால் லீடர் கொன்றுவிடுவாள். லீடர் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வகுப்புத் தலைவி, அவள் மகளுக்குத்தான் கல்யாணம். பர்மா, 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண். ஊசி அந்தக் காலத்தில் ஒல்லியாக இருந்தவள், இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் அவளே சிரிக்கிறாள். நான் டீச்சர். பாடம் நடத்துகிற வேலை எனக்கில்லை, வாயைத் திறந்தாலே பாடம் நடத்துகிறேன் என்று வைத்த பெயர். நாலு பேரும் திருவொற்றியூர். ஒரு மாசித் திருவிழாவில், மகிழடி சேவை முடிந்த கூட்டத்தில், கோயில் மகிழ மரத்தடியில் நின்று இந்த ஊரைவிட்டுப் போகவே மாட்டோம் என்று சத்தியம் செய்தோம். சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்ததும் இதே சத்தியம்தான், ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் போனது. நான் 1998-இல் கல்யாணமாகி அம்பத்தூர் போனேன். நாற்பது வயதில் கண்ணாடி வந்தது, அதோடு சரி. எங்கள் குழுவுக்கு இன்றைக்கும் 'மகிழடி' என்றுதான் பெயர்.

பிரியாணியும் பருப்பு உசிலியும்

மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். பெண்ணும் பையனும் ஒரே அலுவலகம், ஒரே ஷிப்டு, மீதிக் கதை உங்களுக்கே தெரியும். லீடர் வீடு மீனவக் குடும்பம், மாப்பிள்ளை வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டாது. ஆறு மாதம் நடந்த பேச்சில் சாதி என்ற வார்த்தையை இரண்டு பக்கமும் ஒருமுறைகூட எடுக்கவில்லை என்று லீடர் சொன்னாள். எல்லாம் சாப்பாட்டின் பெயரில்தான் ஓடியிருக்கிறது. சாதியைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற மனிதர்கள் மீன் வாடையைப் பற்றி மட்டும் தாராளமாகப் பேசுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? கடைசியில் வியாழன் சாயங்கால வரவேற்புக்கு எங்கள் ஊர் பிரியாணி, வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அவர்கள் ஊர் சமையல்காரர் என்று முடிவானது. புடவை எடுக்க தி.நகர் போகலாம் என்றார்கள் சம்பந்தி வீட்டார். லீடர் விடவில்லை. முகூர்த்தப் புடவைக்கு மட்டும் காஞ்சிபுரம் போய்விட்டு, மற்றதெல்லாம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில்தான் என்று நின்று ஜெயித்தாள். நாங்கள் நாலு பேரும் ஒரு நாள் முழுக்க அந்த ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். என்னைக் கேட்டால் கல்யாணத்தைவிட அந்த நாள்தான் கல்யாணம்.

வெள்ளிக்கிழமை தாலி கட்டும்போது எல்லாரையும் போல எனக்கும் கண் கலங்கியது. பருப்பு உசிலி நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கல்யாணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நான் எழுத வந்தது முந்தின நாள் ராத்திரி, வரவேற்பில் நடந்ததைப் பற்றி.

மாப்பிள்ளையின் அண்ணன் ஒரு கப்பல் கம்பெனியில் இருக்கிறார், வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர். வந்த இடத்தில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். துறைமுகத்துக்கு உள்ளேயே அதற்கென்று ஒரு கிளப் உண்டு, ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப். ஞாயிற்றுக்கிழமை இரண்டு படகில் இரு வீட்டாரையும் கடலுக்குக் கூட்டிப்போவதாக அவர் ஏற்பாடு செய்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரே குதூகலம். துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டிருந்தார் மனிதர். என் பக்கம் வந்து, "அக்கா, நீங்களும் வர்றீங்கள்ல?" என்றார். அங்கேதான் நான் டீச்சர் ஆனேன்.

நான் நடத்திய பாடம்

பாடத்தை இங்கேயும் சுருக்கமாக நடத்திவிடுகிறேன், அதில் தப்பான செய்தி எதுவும் இல்லை. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில், திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன மசூலாப் படகில் எங்கள் பக்கத்து ஆட்கள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் துரைகளையும் இறக்கிக்கொண்டு வருவார்கள். கவர்னர்கள்கூட அப்படி நனைந்துதான் இந்த ஊரில் கால் வைத்தார்கள். 1870-களில் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டின மாதிரி கற்சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதைப் பிய்த்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். நம் கரையோரத்தில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையைக் கடல் தின்றது. நாங்கள் சின்ன வயசில் சிப்பி பொறுக்கிய மணலில் இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தெற்கே இருப்பவர்களுக்குக் கடற்கரை என்றால் சுண்டல், பலூன், குதிரை சவாரி. எங்களுக்குக் கல்.

இதையெல்லாம் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மனிதரிடம் சொன்னேன். அந்த யாட்ச் கிளப்பை 1911-இல் ஆரம்பித்த பிரான்சிஸ் ஸ்பிரிங் துரைதான் துறைமுகத்தின் தலைவராகவும் இருந்தார் என்றும் சொன்னேன். சுவரை நிர்வகித்தவர்களே அந்தச் சுவருக்குள் இருந்த அமைதியான தண்ணீரில் பாய் விரித்து விளையாடினார்கள் என்று ஒரு குத்தும் வைத்தேன். கடைசியாக என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும் துருப்புச் சீட்டை இறக்கினேன். "அதோ, பொண்ணோட ஆயா உக்காந்திருக்காங்களே, அவங்க பிறந்த வீடு இப்ப கடலுக்குள்ள இருக்கு, தெரியுமா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது தடவை தயிர்ப் பச்சடி போட்டுக்கொள்ளப் போனேன். அந்தத் துருப்புச் சீட்டை நான் ரொம்ப வருஷமாக இறக்கிவருகிறேன். அலுவலகத்தில், அம்பத்தூர் அக்கம்பக்கத்தில், ஒருமுறை ரயிலில் முன்பின் தெரியாதவரிடம். எங்கே இறக்கினாலும் ஒரு நிமிஷம் எதிராளி வாயடைத்துப் போவார்.

இத்தனையும் பேசிவிட்டு அதே படகில் ஏறி லைப் ஜாக்கெட்டோடு போட்டோ எடுத்துக்கொள்வதா? அதனால்தான் சளி.

மாடியில்

மாசியில் கூடுவதற்குப் பெரிதாகக் காரணம் எதுவுமில்லை. கல்யாண வீட்டுக் கணக்கெல்லாம் முடிந்து, மொய் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, லீடர் மூச்சுவிட்ட முதல் வாரம் அது. காலடிப்பேட்டையில் அவள் வீடு. பர்மா பீச் ஸ்டேஷன் பக்கத்து வண்டிக்கடையிலிருந்து அத்தோவும் பேஜோவும் கட்டிக்கொண்டு வந்தாள், அவளுக்கு அங்கே சொந்தக்காரர் கடை. ஊசி எதுவும் கொண்டு வரவில்லை, அவள் எப்போதும் அப்படித்தான். வாழைத்தண்டு சூப்பை டம்ளரில் ஊற்றிக்கொண்டு போட்டோ ஆல்பத்தைப் புரட்டினோம். எந்தெந்தப் படத்தில் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்ற ஆராய்ச்சி முடிந்ததும் பேச்சு படகுக்குத் திரும்பியது.

"நீ வந்திருக்கணும்டி" என்று ஊசிதான் ஆரம்பித்தாள். கோயம்புத்தூர் அத்தை ஒருவர் துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தது, பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் கட்டை திரும்பும்போது எல்லாரும் குனிய வேண்டும் என்று அண்ணன்காரர் கத்தினால் பர்மா ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் குனிந்தது, எல்லாம் சொன்னார்கள். லீடர் ஒரு வார்த்தையும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "அம்மா பண்ணதச் சொல்லுங்கடி இவகிட்ட" என்றாள்.

அம்மா என்று அவள் சொன்னது ஆயாவை. பேரப் பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவதால் எங்களுக்கும் ஆயா. எழுபத்தாறு வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் காசிமேட்டில் ஏலம் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக் காலடிப்பேட்டை, தாங்கல், தேரடி என்று தெருத்தெருவாக மீன் விற்றவர். புருஷன் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர், 2004 சுனாமிக்குப் பிறகு எல்லாரையும் போல ஃபைபர் படகுக்கு மாறினார். காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா, புருஷன், மச்சான், மகன் எல்லாரும் கடலில் இருந்தவர்கள். ஆனால் தொழிலுக்குப் போகிற படகில் பெண்களை ஏற்றும் வழக்கம் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் கிடையாது. ஆக, ஆயா கடலைப் பார்த்ததெல்லாம் கரையிலிருந்துதான். எழுபத்தாறு வயதில்தான் முதல்முறையாகக் கடலுக்குள் போகிறார், அதுவும் சம்பந்தி வீட்டுப் பையன் ஓட்டுகிற பாய்ப்படகில். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அவர் வரச் சம்மதித்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அவங்களா வர்றேன்னாங்க" என்றாள் லீடர். "வியாழக்கிழமை ராத்திரி, நீ அந்த அண்ணனுக்குப் பாடம் எடுத்தியே, அதுக்கப்புறம் அவரு நேரா அம்மாகிட்ட போய் உக்காந்துட்டாரு. உங்க பொறந்த வீடு எங்க இருந்துச்சு பாட்டின்னு கேட்டாரு."

கையிலிருந்த பேஜோவை அப்படியே வைத்துவிட்டேன்.

கலசம் தெரிகிற இடம்

நடந்ததை அவர்கள் சொன்னபடியே சொல்கிறேன், வரிசை மட்டும் என்னுடையது. மூன்று பேர் சேர்ந்து சொன்னால் வரிசை எங்கே இருக்கும்?

படகு ஏறும்போது ஆயா மடியில் ஒரு தாம்பூலப் பை இருந்தது. கல்யாணத்தில் எல்லாருக்கும் கொடுத்த அதே மஞ்சள் துணிப் பை. வெற்றிலை போடுகிற வழக்கம் உள்ளவர், அதற்காக எடுத்து வந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. துறைமுகத்தைவிட்டு வெளியே வந்ததும் மற்ற படகு இரண்டு சுற்று சுற்றிவிட்டு உள்ளே திரும்பிவிட்டது, வாந்தி எடுத்த அத்தை அதில்தான். இந்தப் படகு வடக்கே திரும்பியது. ஏற்கெனவே பேசி வைத்தது போல இருந்தது என்றாள் பர்மா. தை மாதத்து வாடைக்காற்று நேர் எதிரே வந்துகொண்டிருந்தது. காற்று வருகிற திசைக்குப் பாய்ப்படகு நேராகப் போகாது. கொஞ்ச தூரம் கடலுக்குள் சாய்வாக, அப்புறம் திரும்பிக் கொஞ்ச தூரம் கரைப்பக்கம் சாய்வாக, இப்படி வளைத்து வளைத்துத்தான் முன்னே போக முடியும். ஊசிக்கு அது பொறுக்கவில்லை. "ஆட்டோல போனா இருவது நிமிஷம்டி, ரெண்டு மணி நேரம் ஆச்சு!"

ஆயா வாய் திறக்கவே இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். காசிமேட்டுப் படகுகள் போயின. குப்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின, ஒவ்வொன்றின் முன்னாலும் கடலுக்குள் நீட்டியிருக்கும் கல் கட்டைகள் போயின. திடீரென்று, "இன்னாடி இது, இம்மாம் சின்னதா கீது நம்ம ஊரு" என்றாராம். அவ்வளவுதான், திரும்ப மௌனம்.

திருவொற்றியூர் நெருங்கியதும் அந்த அண்ணன், "எங்க பாட்டி?" என்று கேட்டார். ஆயா சொன்ன பதிலை லீடர் அப்படியே நடித்துக் காட்டினாள்: "கோயில் கலசமும் எங்க எல்லையம்மன் கோயில் உச்சியும் ஒண்ணுமேல ஒண்ணா வரணும். அம்மன் வாசலுக்கு நேரா எங்க ஊடு." இதை ஆயாவுக்குச் சொன்னவர் அவர் புருஷன். பெண் பார்த்துவிட்டுப் போன புதிதில், கடலிலிருந்து கரை திரும்பும்போது தினமும் உன் வீட்டு வாசலைப் பார்த்துத்தான் கட்டுமரத்தைத் திருப்புகிறேன் என்று கேலியாகச் சொல்லியிருக்கிறார். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடலில் இடம் கண்டுபிடிப்பது அப்படித்தான். கிட்டே ஒரு அடையாளம், தூரத்தில் ஓர் அடையாளம், இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் அந்தக் கோட்டில் நாம் இருக்கிறோம். மெட்ராஸ்வாசிகளுக்குக் கலங்கரை விளக்கம் எதற்கோ அதே வேலையை எங்கள் கோபுரமும் பார்த்துவந்தது. ஆனால் ஆயா அந்தக் கோட்டை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காதால் கேட்டது.

கலசம் தெரியவில்லை. கரையோரம் முழுக்க அபார்ட்மென்ட், தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர். "அப்பவே சொன்னேன், இப்ப எங்க தெரியப்போவுது" என்று லீடர் சமாதானம் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அந்த நேரத்தில் படகு திரும்பிக் கடலுக்குள் போகிற சாய்வைப் பிடித்தது. கரையைவிட்டு விலக விலக முன்னால் நிற்கிற கட்டடங்கள் தணிந்துகொண்டே வந்தன. ஒரு மொட்டை மாடிக்கு மேலே, கொடியில் காய்கிற துணிக்கும் மேலே, கோபுரத்தின் உச்சி எழும்பியது. முதலில் பார்த்தது பர்மாதானாம், இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறாள். யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கிட்டத்தில் குட்டையானது மறைக்கும், தள்ளிப் போனால் பின்னால் இருக்கிற உயரமானது தெரியும். ஆனாலும் அந்தப் படகில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லையாம்.

பிறகு நடந்தது ஆயாவுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் மட்டும். "இன்னும் போ… இன்னும்… தோ, அம்மன் கோயிலு வருது… இப்ப திருப்பு." அவர் சுக்கானைத் தள்ளினார், பாய் படபடத்து மறுபக்கம் விழுந்தது, எல்லாரும் குனிந்தார்கள். அம்மன் கோயிலின் பச்சையும் சிவப்புமாகப் பூசிய விமானத்துக்குப் பின்னால் கலசம் நின்றது. முடிந்தவரை அந்தக் கோட்டை விடாமல் படகு கரையை நோக்கி வந்தது. ஓரளவுக்கு மேல் அவர் போகவில்லை. "இதுக்கு மேல போனா அலை தூக்கிக் கல்லு மேல போட்டுடும் பாட்டி, கீழ ஆழமும் இல்ல" என்று பாயைத் தளர்த்தி நிறுத்தினார். கரையைப் பார்த்து ஆயா கை நீட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கல்லுக்கு இந்தப் பக்கம், வெறும் தண்ணீரைக் காட்டினார். "அதான் வாசலு."

தாம்பூலப் பையைத் திறந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, ஒரு தேங்காய். பேத்தி கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வைக்க வேண்டிய தாம்பூலம். அண்ணன்கள் யாரும் இப்போது இல்லை. "ஆளு இல்லன்னா இன்னா, ஊடு கீதுல்ல" என்றார். ஒவ்வொன்றாக எடுத்து, எறியாமல், குனிந்து தண்ணீரில் வைத்தார். லீடர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையையும் சேர்த்துப் போடப் போகிறார் என்று நினைத்து ஊசி பதற, "நல்ல துணிடி, எதுக்கு வீணாக்கணும்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். தேங்காய் மூழ்கி எழுந்து, கொஞ்ச நேரம் படகைச் சுற்றிவிட்டு, அலையோடு கரைப்பக்கம் போயிருக்கிறது.

கேட்காத கேள்வி

அன்றைக்கு நான் பாடமாக நடத்திய எதையும் இப்போதும் வாபஸ் வாங்கமாட்டேன். சுவர் கட்டியதால் மணல் நின்றது, கரை போனது. முதலில் வலை உலர்த்துகிற மணல், அப்புறம் முதல் வரிசை வீடுகள், அப்புறம் இரண்டாவது வரிசை என்று ஆயாவின் பிறந்த தெரு போனது. அந்தப் படகு கட்டி நிற்பது அந்தச் சுவருக்குள்தான். இன்றைக்கு யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உறுத்துவது வேறு. முப்பது, முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டைப் பற்றிப் பேசிவருகிறேன். அது எங்கே இருந்தது என்று ஆயாவை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. எத்தனை அறை, ஓலையா ஓடா, வாசல் எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. 'கடலுக்குள் போன வீடு' என்ற அளவில் அது எனக்குப் போதுமானதாக இருந்தது. சொல்லப்போனால் அதற்கு மேல் தெரிந்திருந்தால் துருப்புச் சீட்டாக இறக்க வசதிப்பட்டிருக்காது. வரவேற்பில் ஆயாவைக் கை காட்டிப் பேசினேனே, அவர் நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கேட்டவர், நான் யாருக்குப் பாடம் நடத்தினேனோ அவர். கடலையே பாதி வயசுக்கு மேல்தான் பார்த்த கோயம்புத்தூர்க்காரர். அவர் வாயடைத்துப் போனதாக நான் நினைத்த நேரத்தில் அவர் காதில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை மாடியில் அவர்களிடம் சொன்னபோது, "விடுடி, உன் பாடத்தாலதான அவரு போய்க் கேட்டாரு" என்றாள் ஊசி. அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது. உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட எனக்கு மனசு வரவில்லை. பர்மா மட்டும் பேசாமல் இருந்தாள். அவள் பாட்டி சாகிறவரைக்கும் ரங்கூன் வீட்டுச் சாவி ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதையும் நான் நிறையப் பேரிடம் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டேன். அவள் சொன்னாள், ரொம்ப நேரம் சொன்னாள். அது அவளுடைய கதை, இங்கே வேண்டாம்.

இருட்டியதும் கீழே இறங்கினோம். ஆயா ஹாலில் டிவியில் சீரியலை ஓடவிட்டு, தரையில் முறத்தை வைத்து நெத்திலிக் கருவாட்டில் மண்ணைப் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தாரே தவிர, கை நிற்கவில்லை.

"இன்னாத்துக்குடி நீ வரல அன்னிக்கி?"

"சளி புடிச்சிக்கிச்சு ஆயா."

"கட காத்து பட்டா சளி பூடும். வந்திருக்கணும்."

கொஞ்ச நேரம் சீரியலைப் பார்த்தோம். பிறகு அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். மண் சுவர், மேலே ஓலை, பின்னால் ஓடு மாற்றினார்கள். வாசல் கிழக்கே பார்த்து. திண்ணையில் உட்கார்ந்தால் காலில் மணல் படும். மூன்று அண்ணன்கள், இவர் கடைசி. சொல்லச் சொல்ல முறத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. விளம்பர இடைவேளையில் நான், "அந்தத் தேங்கா போய்ச் சேந்திருக்குமா ஆயா?" என்று கேட்டேன்.

"எவனாச்சும் எடுத்து சட்னி அரச்சிருப்பான்" என்றார். "அரச்சா இன்னா, எங்க ஊருக்காரந்தான?"

கிளம்பும்போது ஒரு மஞ்சள் துணிப் பையில் கருவாட்டைக் கட்டிக் கையில் கொடுத்தார். பையின் அடியில் உப்பு பூத்திருந்தது. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். ஏசி ஓடுகிற, ஜன்னல் திறக்காத பெட்டி. தண்டையார்பேட்டை வருவதற்குள் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டு நாலு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். நான் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.